திரும்பும் வழியில் ஒரு தடை

மாலை வேளையில் கொடைக்கானல் மலைக்குச் சென்றதுண்டா? ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் மேகமே சாலையில் இறங்கிவிடும். பூம்பாறைப் பக்கமிருந்து மலைப்பூண்டு மூட்டைகளுடன் ஒரு டிராக்டர் அந்த மூடுபனியில் ஊர்ந்து வருவதாகக் கொள்வோம். பின்னால் வரும் பஸ் டிரைவருக்கு அதைக் காட்டிக்கொடுப்பவை டிரெய்லரின் இரண்டு சிவப்பு விளக்குகளே. டிராக்டர்க்காரர் பிரேக்கை மிதிக்கிறார். பளிச்சிட வேண்டிய விளக்குகள் அந்த நேரம் பார்த்து மங்கிவிடுகின்றன! பல்பை மாற்றியும் பயனில்லை. பிழை எங்கே?

மின்னோட்டம் பாட்டரியிலிருந்து பல்புக்குச் சென்றால் மட்டும் போதாது. பாட்டரிக்குத் திரும்பவும் வேண்டும். வண்டிகளில் திரும்பும் வழியாக இரும்புச் சட்டத்தையே பயன்படுத்துவது வழக்கம். மெக்கானிக்குகள் இதை 'எர்த்' என்பார்கள். தனி எர்த் கம்பி இல்லாத டிரெய்லரில், டிராக்டரோடு பூட்டும் கொக்கிதான் அந்த வழி. மழையிலும் பனியிலும் கொக்கி துருப்பிடிக்கிறது. துரு மின்சாரத்தை எளிதில் கடத்தாது.

அங்கே 5 ஓம் தடை இருப்பதாக வைத்துக்கொள்வோம். 5 வாட் பின்விளக்குகள் இரண்டின் கூட்டுத் தடை சுமார் 14 ஓம். ஆகவே 12 வோல்ட்டில் ஏறத்தாழ 9 வோல்ட் பல்புகளுக்குக் கிடைக்கும், ஓரளவு எரியும். பிரேக்கை மிதித்ததும் 21 வாட் இழைகள் இரண்டு பக்க இணைப்பில் சேர்கின்றன. பல்புகளின் மொத்தத் தடை 3 ஓமுக்கும் கீழே இறங்குகிறது. இப்போது துருவே சுமார் 8 வோல்ட்டை விழுங்கிவிடும். பல்புகளுக்கு மிஞ்சுவது 4 வோல்ட்தான். இழையின் சூடு குறைந்தால் அதன் தடையும் குறையும் என்பதால், உண்மையில் அதுவும் கிடைக்காது. ஆகவேதான் எல்லாம் ஒருசேர மங்குகின்றன.

பல்பைக் கழற்றிவிட்டு வோல்ட்மீட்டரால் சோதித்தால் முழுதாக 12 வோல்ட் காட்டும். ஏமாந்துவிடாதீர்கள்! மீட்டரின் தடை மிக அதிகம். மின்னோட்டம் மிகச் சிறிது. ஆகவே துருவில் அழுத்தம் குறைவதில்லை. விளக்குகளை எரியவிட்டு, ஒருவர் பிரேக்கை மிதித்திருக்கும்போது, டிரெய்லர் சட்டத்துக்கும் பாட்டரியின் எதிர்முனைக்கும் இடையே அளந்து பாருங்கள். ஏறத்தாழ சுழியாக இருக்க வேண்டும். பல வோல்ட் காட்டினால் குற்றவாளி எர்த்தான்.

மீட்டர் இல்லையா? நல்ல தடிப்பான கம்பி ஒன்றின் ஒரு நுனியை டிராக்டர் சட்டத்திலும், மறு நுனியை டிரெய்லர் சட்டத்திலும், பெயிண்ட் சுரண்டிய இடத்தில் அழுத்திப் பிடியுங்கள். விளக்கு பளிச்சிட்டால் ஐயமே இல்லை. அத்தகைய கம்பியையே போல்ட்டு வைத்து முடுக்கி, கிரீஸ் தடவிவிட்டால் பிழை தீர்ந்தது.

போகும் வழியைப் பார்க்கும் நாம் திரும்பும் வழியை மறந்துவிடுகிறோம். மூடுபனியில் அந்த மறதிக்கு ஓர் உயிரே விலையாகலாம்.