தப்பி வந்த பிறகும் தொடரும் பயம்!

பனமலையில் என் வைத்தியசாலைக்கு ஒருவர் தன் தங்கையைக் கூட்டி வந்தார். "ராத்திரி தூங்கறதில்லை, சோறு இறங்கல. பித்தம் ஏறிடுச்சா பாருங்க ஐயா" என்றார். நாடி பார்த்தேன். பித்தம் கொஞ்சம் தூக்கல்தான். அந்தப் பெண்ணோ மேஜைமேல் இருந்த தண்ணீர்ச் சொம்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். "குடிம்மா" என்று சொன்ன பிறகுதான் எடுத்தாள். எட்டு வருஷம் ஒரு சாமியார் மடத்தில் கிடந்து தப்பி வந்தவளாம். அங்கே தண்ணீருக்கும் உத்தரவு வேண்டும். வீட்டுக்கு வந்து நாலு மாசமாகியும் உத்தரவுக்குக் காத்திருக்கிறாள்!

'இப்படியும் ஏமாறுவாங்களா?' என்று நீங்கள் கேட்கலாம். விராலிமலையை நினைத்துப் பாருங்கள். இலங்கையிலிருந்து வந்து அங்கே ஆசிரமம் வைத்த பிரேமானந்தாவை நம்பி இருந்தவர்களில் தாய் தகப்பன் இல்லாத பிள்ளைகளும் உண்டு. சோறு, படிப்பு, படுக்கை எல்லாமே அவர் தந்தது. 1994-ல் தப்பி வந்த பெண்கள் வாய் திறந்த பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. 1997-ல் புதுக்கோட்டை நீதிமன்றம் பாலியல் வன்முறைக்கும் ஒரு கொலைக்குமாக இரட்டை ஆயுள் தண்டனை விதித்தது. 2005-ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. 2011-ல் அவர் இறந்தார். அப்படியும் அவரைக் கும்பிடுகிறவர்கள் இருக்கிறார்கள். தப்பி வந்த பெண்ணின் காதில் அது விழுந்தால் எப்படி இருக்கும்?

அடைக்கலம் தந்தவனே கொடுமையும் செய்தால் மனசு குழம்பித்தான் போகும். அரைத் தூக்கம், அளவுச் சோறு, வீட்டாரோடு பேசத் தடை, 'வெளியே போனால் சாபம்' என்ற மிரட்டல். வருஷக்கணக்கில் இதிலே ஊறியவர்களுக்கு ஊதுபத்தி வாசனைகூட உடம்பை நடுங்க வைக்கும். திரும்பிப் போய்விடலாமா என்றும் சிலருக்குத் தோன்றும். அதற்காகப் பைத்தியம் என்று சொல்லிவிடாதீர்கள்.

வீட்டார் உடனே மந்திரிக்கக் கூட்டிப்போகிறார்கள். ஒரு சாமியாரிடமிருந்து மீண்டவளை இன்னொரு சாமியாரிடமா? 'அங்க என்ன நடந்துச்சு?' என்று துருவுவதும், அவசரக் கல்யாணமும் வேண்டாம். "இட்லியா, தோசையா?" என்று கேளுங்கள். பதில் வர அரை மணி ஆனாலும் காத்திருங்கள். இந்தப் பெண் முதல் நாள் அதற்கே அழுதுவிட்டாள்.

தூக்கத்துக்கு அமுக்கராச் சூரணம் கொடுத்தேன். (நீங்களாக வாங்கிச் சாப்பிடாதீர்கள்.) பயத்துக்கு என்னிடம் லேகியம் இல்லை. ஆகவே முண்டியம்பாக்கம் அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்கு அனுப்பினேன். சித்த வைத்தியனுக்கு இதிலென்ன கௌரவக் குறைச்சல்? நேரில் போகக் கூச்சப்படுகிறவர்கள் 14416 என்ற இலவச எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

போன மாசம் அண்ணன் மட்டும் வந்தார். "தோசைதான் வேணும்னு சண்டை போடறா ஐயா" என்று அலுத்துக்கொண்டார். தூக்கம் மட்டும் இன்னும் முழுசாக வரவில்லையாம்.