அடிப்பிடித்தல் (பெரும்பாத்திரச் சமையல்)

அடிப்பிடித்தல் என்பது சமைக்கும்போது உணவு பாத்திரத்தின் அடியில் ஒட்டி, நீர்ப்பசை இழந்து கருகுவதாகும். இவ்வாறு கருகிய பகுதியைக் காந்தல் என்பர். வீட்டுச் சட்டியில் அடிப்பிடித்தால் ஒரு வேளைக் குழம்பு வீணாகும். அண்டாவிலோ தேக்சாவிலோ அடிப்பிடித்தால் பந்தியில் காத்திருக்கும் நூறு பேருக்கு உணவு இல்லாமல் போகும். திருமண வீடு, கோயில் அன்னதானம், 1982 முதல் மாநிலம் முழுவதும் நடைபெறும் சத்துணவு மையங்கள் ஆகியவற்றின் சமையலர்கள் இதில் மிகுந்த கவனம் செலுத்துவது இதனால்தான். மணி அடித்தபின் மறுபடி உலை வைக்க நேரம் இருக்காது.

காரணம்

கடல் மட்டத்தில் நீர் 100 பாகை செல்சியசில் கொதிக்கிறது. அடித்தகட்டில் நீர் தங்கியிருக்கும்வரை அங்கு வெப்பம் அதற்கு மேல் அதிகம் ஏறாது. அரிசி, பருப்பு, ரவை போன்றவை அடியில் படிந்து நீரை விலக்கிவிட்டால், அந்த மெல்லிய படலம் மட்டும் காய்ந்து மிக விரைவாகச் சூடேறிக் கருகுகிறது. மேலே உணவு அரைவேக்காடாக இருக்கும்போதே கீழே கரியாவது இப்படித்தான்.

கெட்டியான உணவில் ஆபத்து அதிகம். ரசம் போன்ற நீர்த்த உணவில் சூடான நீர் மேலே எழும்ப, குளிர்ந்த நீர் கீழே இறங்கும். இச்சுழற்சியே ஒரு கரண்டியின் வேலையைச் செய்துவிடுகிறது. பொங்கலில் மாவுச்சத்து வெந்து குழைந்ததும் சுழற்சி நின்றுவிடும். பாலில் வேறொரு சிக்கல் உண்டு. சூட்டில் அதன் புரதத்தின் ஒரு பகுதி திரண்டு அடியில் படிந்து ஒட்டுகிறது. சர்க்கரையும் வெல்லமும் எளிதில் கருகக்கூடியவை.

பாத்திரம் பெரிதாக ஆக இடர் கூடுவதற்கு எளிய கணக்கு ஒன்று உண்டு. நீளம், அகலம், உயரம் மூன்றும் இரு மடங்கானால் கொள்ளளவு 8 மடங்காகும்; அடிப்பரப்போ 4 மடங்குதான். எனவே அதே நேரத்தில் சமைத்து முடிக்க வேண்டுமானால், அடியின் ஒவ்வொரு சதுர அங்குலமும் இரு மடங்கு வெப்பத்தைக் கடத்த வேண்டும். அவசரப்பட்டுத் தீயைக் கூட்டும் சமையலர் தோற்பது இங்கேதான்.

தடுக்கும் முறைகள்

தடித்த அடியுள்ள பாத்திரம் வெப்பத்தைப் பரப்பித் தருகிறது. அலுமினியம், துருப்பிடிக்கா எஃகைவிட ஏறத்தாழ 15 மடங்கு நன்றாக வெப்பத்தைக் கடத்தும். மெல்லிய எஃகுப் பாத்திரத்தில் அடுப்பின் சுடர் படும் இடம் மட்டும் வட்டமாகக் கருகுவதை யாரும் பார்த்திருக்கலாம். அத்தகைய பாத்திரத்திற்கு அடியில் பழைய தோசைக்கல்லை வைப்பது பயன் தரும்.

அரிசியை நன்கு கொதிக்கும் உலையில் போட்டு உடனே ஒருமுறை கிளற வேண்டும். கொதி, பருக்கைகளை மிதக்க வைக்கிறது. பெருஞ்சமையலில் சோற்றை நிறைய நீரில் வேகவைத்துக் கஞ்சி வடிப்பது அடிப்பிடிக்காமல் இருக்கவும் உதவுகிறது. பொங்கலுக்கு வடிக்க இயலாது. ஆகவே பக்கத்து அடுப்பில் வெந்நீர் தயாராக இருப்பது நல்லது. கெட்டியாகும்போது அதை ஊற்றலாம். பச்சைத் தண்ணீரை ஊற்றினால் கொதி அடங்கிப் பருக்கை மறுபடியும் அடியில் படியும்.

பாயாசத்தில் வெல்லத்தைத் தனியே கரைத்து வடிகட்டி, அரிசியும் பருப்பும் முழுதும் வெந்த பிறகே சேர்ப்பர். முன்னதாகச் சேர்த்தால் அடியும் பிடிக்கும், பருப்பும் வேகாமல் விறைக்கும். பால் காய்ச்சும் முன் பாத்திரத்தில் சிறிது நீர் ஊற்றி அலசி, துடைக்காமல் பாலை ஊற்றுவது பழைய வழக்கம்.

கிளறுவதில்தான் பலர் தவறுவர். துடுப்பை நடுவில் வட்டமாகச் சுற்றினால் உணவு முழுவதும் ஒன்றாகச் சுழலுமே தவிர அடி கிளறப்படாது. துடுப்பின் தட்டையான முனை அடியைத் தொட்டு, விளிம்பிலிருந்து நடுவுக்கு இழுபட வேண்டும். அடியும் சுவரும் சேரும் வளைவு எளிதில் மறந்துபோகும் இடம். துடுப்பு அடியில் வழுக்கிச் செல்லாமல் சொரசொரத்தால், ஒட்டத் தொடங்கிவிட்டது என்று பொருள். நீண்ட கைப்பிடி கட்டாயம் வேண்டும். கொதிக்கும் பொங்கல் தெறித்தால் தோலில் ஒட்டிக்கொண்டு கடுமையாகச் சுடும்.

விறகடுப்பில் உணவு கெட்டியாகத் தொடங்கியதும் கட்டைகளை வெளியே இழுத்துத் தணலில் விடுவர். தம் பிரியாணியில் கிளறவே முடியாது; அதனால் கீழே தீயைக் குறைத்து, மூடியின் மேல் தணலைப் போடுகிறார்கள். வெப்பத்தின் ஒரு பங்கு மேலிருந்து வருவதால் அடி தப்புகிறது.

அடிப்பிடித்தபின்

தீய்ந்த வாசனை வந்தவுடன் கிளறுவதை நிறுத்தி, அடுப்பை அணைக்க வேண்டும். சுரண்டினால் காந்தல் உணவு முழுவதும் கலந்துவிடும். பாத்திரத்தைச் சாய்க்காமல், மேற்பகுதியை அகப்பையால் மொண்டு வேறு பாத்திரத்திற்கு மாற்றி, அடியில் இரண்டு விரற்கடை உயரத்திற்கு விட்டுவிட வேண்டும். உருளைக்கிழங்கு போட்டால் வாசனை போய்விடும் என்று சொல்லப்படுவதில் பெரிய பலன் இல்லை; விரைவாக மாற்றுவதே உணவைக் காக்கும்.

காலியான பாத்திரத்தில் வெந்நீர் ஊற்றி ஊற வைத்தால் காந்தல் இளகும். எஃகுப் பாத்திரமானால் சமையல் சோடா சேர்த்துக் கொதிக்க வைக்கலாம். அலுமினியத்தில் சோடா கூடாது. அது உலோகத்தை அரித்துக் கறுக்கச் செய்யும். அதற்குப் புளித்தண்ணீர் போதும்.