குற்றாலத்துச் செவ்வாய்க்கிழமை

தமிழ்நாட்டில் கோடை விடுமுறை முடிந்து பள்ளிக்கூடங்கள் ஜூன் தொடக்கத்தில் திறக்கின்றன. கேரளத்தில் தென்மேற்குப் பருவமழை தொடங்குவதற்கு வானிலைத் துறை வைத்திருக்கும் இயல்பான தேதி ஜூன் 1. குற்றாலத்தில் ஞாயிற்றுக்கிழமை தலையை நனைக்க இடம் கிடைக்காததற்கு முதல் காரணம், இந்த இரண்டும் ஏறக்குறைய ஒரே வாரத்தில் வந்து விழுவதுதான். பிள்ளைகள் சும்மா இருக்கும் ஏப்ரல், மே மாதங்களில் பேரருவிப் பாறை பெரும்பாலும் காய்ந்து கிடக்கும். தண்ணீர் வரும்போது பிள்ளைகள் வகுப்பில் இருப்பார்கள். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை சனி, ஞாயிறுகளை எண்ணினால் 26 நாள் தேறும். தென்தமிழ்நாடும், மலைக்கு அந்தப் பக்கம் கொல்லம், திருவனந்தபுரத்துக்காரர்களும் அந்த 26 நாளுக்குள்தான் குளித்து முடித்தாக வேண்டும்.

தீம் பார்க் நடத்துகிறவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. 1955இல் கலிஃபோர்னியாவில் டிஸ்னிலேண்ட் திறந்த நாளிலிருந்து அவர்கள் கூட்டத்தை ஒரு பொறியியல் பிரச்சினையாகவே பார்த்துவந்திருக்கிறார்கள். வரிசையை மடித்து மடித்து வளைத்தார்கள். 1999இல் ‘ஃபாஸ்ட்பாஸ்’ என்று நேரம் குறித்த சீட்டைக் கொடுத்து, வரிசையில் நிற்காமலே வரிசையில் இருக்க வைத்தார்கள். விடுமுறை நாளில் கட்டணத்தை ஏற்றலாம். ஆள் நிறைந்தால் வாசலைச் சாத்தலாம். மோட்டாரைப் போட்டால் தண்ணீர் வரும். பேரருவிக்கு நுழைவுச்சீட்டும் இல்லை, கதவும் இல்லை. தண்ணீரைத் திறந்துவிடுவது அரபிக்கடல் காற்று. குடும்பத்தோடு முதல் தடவை போகிறவர்கள் விடுதி தேடுவதற்கு முன்னால் அந்தக் காற்றைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்வது நல்லது.

கடலிலிருந்து ஈரத்தோடு வரும் காற்று மேற்குத் தொடர்ச்சி மலையில் முட்டி மேலே ஏறுகிறது. ஏற ஏற அழுத்தம் குறைந்து காற்று விரிகிறது, விரிவதால் குளிர்கிறது. மேகம் உண்டாகாத காற்று ஒரு கிலோமீட்டர் உயர்ந்தால் ஏறத்தாழ 10 டிகிரி செல்சியஸ் குளிரும். அந்தக் குளிரில் ஈரம் துளியாகி, மழையின் பெரும்பங்கு கேரளச் சரிவிலும் மலை முகட்டிலும் கொட்டிவிடுகிறது. முகட்டைத் தாண்டி இறங்கும் காற்று மறுபடி சூடாகி மேகத்தைக் கரைத்துவிடும். விதிப்படி பார்த்தால் தென்காசி மழை மறைவுப் பகுதி; சாரல் என்று ஒன்று அங்கே இருக்கவே கூடாது.

இருக்கிறது. காரணம் துளியின் அளவு. இரண்டு மில்லிமீட்டர் குறுக்களவுள்ள மழைத்துளி நொடிக்கு ஆறரை மீட்டர் வேகத்தில் விழும். அரை மில்லிமீட்டர் துளி காற்றின் தடையால் நொடிக்கு சுமார் இரண்டு மீட்டருக்கு மேல் போக முடியாமல் மெல்ல இறங்கும். ஒரு கிலோமீட்டர் உயரத்திலிருந்து இரண்டும் புறப்படுவதாக வைத்துக்கொள்வோம். காற்று நொடிக்குப் பத்து மீட்டர் வேகத்தில் கிழக்கே தள்ளுகிறது. பெரிய துளி இரண்டரை நிமிடத்தில் தரைக்கு வந்துவிடும். அதற்குள் ஒன்றரைக் கிலோமீட்டர்தான் நகர்ந்திருக்கும். சின்னத் துளிக்கு எட்டு நிமிடத்துக்கு மேல் ஆகும். அது ஐந்து கிலோமீட்டர் மிதந்து வந்துவிடும். அதாவது மலை ஒரு சல்லடை. கனத்த துளிகளை முகட்டோடு நிறுத்திக்கொண்டு, பூந்துளிகளை மட்டும் குற்றாலத்துக்கு அனுப்புகிறது. வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே முகத்தில் ஈரம் படுகிற அந்த விசித்திரம் இப்படித்தான் நடக்கிறது: உங்கள் தலைக்கு மேல் மேகமே இல்லை, துளிகள் வேறு ஊரில் பிறந்தவை. செங்கோட்டைக்கு மேற்கே ஆரியங்காவுப் பக்கம் மலைத்தொடர் தாழ்ந்து ஒரு கணவாயாக இருப்பதால் காற்று அங்கே நெருக்கியடித்துக்கொண்டு வேகமெடுக்கிறது. தென்காசி மாவட்டத்தில் காற்றாலைகள் நிற்பதும் அதே காற்றை நம்பித்தான்.

இதில் ஒரு நடைமுறைச் சங்கதி இருக்கிறது. சாரலும் அருவியும் ஒன்றல்ல. ஊருக்குள் சாரல் அடித்தாலும் மலைமேல் நல்ல மழை இல்லையென்றால் அருவி நூலாகத்தான் விழும். ஊர் காய்ந்திருக்கும்போதே மேலே கொட்டித் தீர்த்து, கீழே வெள்ளம் வரவும் செய்யும். ஆகவே தென்காசிக்கு என்று கைபேசி காட்டும் மழை விவரத்தைப் பார்த்துக் கிளம்பாதீர்கள். விடுதிக்காரரிடம் கேட்க வேண்டிய கேள்வி “மழை பெய்யுதா?” அல்ல; “மெயின் அருவியில தண்ணி எப்படி?”

அறுபது மீட்டர் உயரத்திலிருந்து தடையில்லாமல் விழும் எதுவும் கீழே வரும்போது மணிக்கு 120 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டிருக்கும். அந்த அளவு உயரம் சொல்லப்படும் பேரருவிக்குக் கீழே நாம் எப்படி நிற்க முடிகிறது? பாதி வழியில் பொங்குமாங்கடல் என்ற ஆழமான பாறைக் குழி இருக்கிறது. சிற்றாறு முதலில் அதில் விழுந்து, சுழன்று, வேகத்தைத் தொலைத்துவிட்டுப் பொங்கி வழிந்து மறுபடி கீழே வருகிறது. அணைக்கட்டுகளின் மதகுக்கு அடியில் தண்ணீரின் மூர்க்கத்தை அடக்கப் பொறியாளர்கள் தொட்டி கட்டுவார்கள். இங்கே அது தானாகவே அமைந்திருக்கிறது.

இனி வரிசைக்கு வருவோம். வரிசையைக் கணக்காகப் பார்க்கும் இயல் 1909இல் கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் பிறந்தது. எத்தனை இணைப்புக் கம்பிகள் இருந்தால் அழைப்பவர்கள் காத்திருக்க வேண்டியிராது என்று அக்னர் எர்லாங் கணக்குப் போட்டார். 1961இல் ஜான் லிட்டில் என்ற அமெரிக்கர், பார்த்தால் சாதாரணமாகத் தோன்றும் ஒரு விதியை நிரூபித்தார்: வரிசையில் இருப்பவர்களின் எண்ணிக்கை என்பது, நிமிடத்துக்கு எத்தனை பேர் வந்து போகிறார்கள் என்பதைக் காத்திருக்கும் நேரத்தால் பெருக்கிய தொகை. இதைப் பேரருவியில் போட்டுப் பார்க்கலாம். அருவிக்கு அடியில் ஒரே சமயத்தில் நூறு பேர் நிற்கலாம் என்றும் ஆளுக்குப் பத்து நிமிடம் என்றும் வைத்தால், நிமிடத்துக்குப் பத்துப் பேர் வெளியே வருவார்கள். உங்களுக்கு முன்னால் அறுநூறு தலை இருந்தால் ஒரு மணி நேரம். காவலர் விசில் அடித்து ஐந்து நிமிடத்தில் கிளப்பிவிட்டால் அரை மணி. விசிலை நாம் திட்டுகிறோம். வரிசையில் நிற்கும்வரை அதுதான் நமக்குத் துணை. உள்ளே போன பிறகுதான் அது எதிரி. நின்றுகொண்டு அலுக்கும் பிள்ளையிடம் ஒரு நிமிடத்துக்கு எத்தனை பேர் வெளியே வருகிறார்கள் என்று எண்ணச் சொல்லுங்கள். அவர்களுக்கு வேலையும் ஆச்சு, உங்களுக்கு விடையும் ஆச்சு.

எர்லாங் வழிவந்த கணக்கில் இன்னொரு முடிவு உண்டு. கூட்டத்தைத் தவிர்க்க நினைப்பவருக்கு அதுதான் மூலதனம். ஒரே கவுன்ட்டர், முன்பின்னாக வரும் ஆட்கள் என்ற எளிய மாதிரியில், இடத்தின் கொள்ளளவில் பாதி அளவுக்கு ஆட்கள் வந்தால் சராசரிக் காத்திருப்பு ஒரு ஆளின் நேரம். 80 சதவீதம் வந்தால் நான்கு மடங்கு. 90க்கு ஒன்பது மடங்கு; 95க்குப் பத்தொன்பது. அருவி ஒற்றைக் கவுன்ட்டர் இல்லைதான். ஆனாலும் வளைவின் போக்கு இதுவே. நிறையும் தறுவாயில் பத்துப் பேர் குறைந்தாலே காத்திருப்பு சரிந்து விழும். ஆகவே கூட்டத்தைத் தவிர்க்க யாருமில்லாத நாளைத் தேடி அலைய வேண்டாம். உச்சியிலிருந்து சற்று விலகினால் போதும். சனிக்கிழமை பதினோரு மணிக்குப் பதில் விடிகாலை ஐந்தரை. வெளியூர் வேன்கள் வந்து சேரும் நேரத்துக்குள் நீங்கள் தலை துவட்டிவிட்டு இட்லி சாப்பிட்டுக்கொண்டிருக்கலாம். பேரருவியில் விளக்கொளியில் இரவில் குளிப்பதும் பழைய வழக்கம்தான். ஆடி அமாவாசை, ஆகஸ்ட் 15, சாரல் திருவிழா நாட்களில் மட்டும் எந்த நேரக் கணக்கும் உதவாது. வரவு கொள்ளளவையே தாண்டிவிட்டால் சூத்திரம் கைவிரித்துவிடும். வரிசை வளர்ந்துகொண்டே போகும்.

“குற்றாலமா? அங்கே எப்பவும் கூட்டம்” என்பார்கள். சொல்கிறவர் பொய் சொல்லவில்லை, ஆனால் அது உண்மையும் இல்லை. ஒரு வாரத்தில் வேலை நாட்களில் நாளொன்றுக்கு இரண்டாயிரம் பேர், சனி ஞாயிறில் பதினைந்தாயிரம் பேர் என்று கற்பனை செய்யுங்கள். மொத்தம் நாற்பதாயிரத்தில் முப்பதாயிரம் பேர் வாரக்கடைசியில் வந்தவர்கள். போய்வந்த நாலு பேரைக் கேட்டால் மூன்று பேர் கூட்டம் என்றுதான் சொல்வார்கள், ஏழு நாளில் ஐந்து நாள் அருவி காலியாக இருந்தும். நிறைந்த நாளைப் பார்த்த கண்கள் அதிகம். காலியான நாளைச் சொல்ல ஆளே இல்லை.

அப்படியானால் எல்லோரும் செவ்வாய்க்கிழமை போய்விட்டால்? பொருளாதார அறிஞர் பிரையன் ஆர்தர் 1994இல் இதையே கேட்டார். அமெரிக்காவின் சாண்டா ஃபே நகரில் எல் ஃபரோல் என்றொரு மதுக்கூடம். நூறு பேரில் அறுபதுக்குக் குறைவாக வந்தால் சுகம்; மிஞ்சினால் நரகம். கூட்டம் இருக்காது என்று எல்லோரும் ஒரே மாதிரி யோசித்தால் எல்லோரும் வந்து நிற்பார்கள்; எல்லோருக்கும் பொருந்தும் ஒரே யுக்தி அங்கே இருக்கவே முடியாது. ஆனால் எல் ஃபரோல் சிக்கல் குற்றாலத்தை அவ்வளவாகத் தொடாது. செவ்வாய்க்கிழமை காலி என்பது ஊரறிந்த சங்கதி. மக்களைத் தடுப்பது அறியாமை இல்லை, லீவு கிடைக்காததுதான். அதனால் ரகசியம் வெளியே தெரிந்தாலும் செல்லாமல் போவதில்லை. ஒன்றாம் வகுப்பிலோ நான்காம் வகுப்பிலோ படிக்கிற பிள்ளைக்கு ஜூலையில் இரண்டு நாள் லீவு போட்டால் குடி முழுகிவிடாது என்பது என் கட்சி. பத்தாம் வகுப்புக்காரர் இருந்தால் நான் வாய் திறக்கவில்லை. தமிழறிஞர் ரசிகமணி டி.கே.சி. குற்றாலத்திலேயே குடியிருந்தார். அதுதான் முழுமையான தீர்வு; எல்லோருக்கும் கொடுத்துவைக்குமா?

கூட்டம் நாளில் மட்டுமல்ல, இடத்திலும் குவிகிறது. முதல்முறை வருகிறவர்கள் நேரே பேரருவிக்குப் போகிறார்கள், பிறகு ஐந்தருவி, பிறகு பழைய குற்றாலம். அந்த வரிசையைத் தலைகீழாகப் போட்டாலே பாதி நெரிசல் எதிர்த்திசையில் போய்விடும். சின்னப் பிள்ளைகளுக்குப் புலியருவி போதும். தண்ணீரும் அடிக்காது, அவர்களும் அழமாட்டார்கள். செண்பகாதேவி, தேனருவி எல்லாம் காட்டுக்குள், வனத்துறைக் கட்டுப்பாட்டில் இருப்பவை, திட்டத்தில் சேர்க்காதீர்கள். ஆண்களும் பெண்களும் தனித்தனியே குளிக்கும் இடங்களில் குடும்பம் இரண்டு வரிசையாகப் பிரியும். இரண்டில் நீளமான வரிசைதான் உங்கள் நேரத்தைத் தீர்மானிக்கும். கைபேசியை அறையில் வைத்துவிட்டு வந்திருப்பீர்கள் என்பதால், சந்திக்கும் இடத்தை முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். சோப்பு, ஷாம்பூ, எண்ணெய்க்கு நீதிமன்றத் தடை இருக்கிறது. கையில் தின்பண்டப் பொட்டலத்தோடு நடந்தால் குரங்குகள் அதற்கும் ஒரு வரிசை போடும்.

வெள்ளம் தனிக் கதை. மலையில் அருவிக்கு நீர் சேரும் பரப்பு சிறியது, சரிவு செங்குத்து. மேலே பெய்த மழை சீக்கிரமே கீழே வந்துவிடும், கீழே வானம் வெளுத்திருந்தாலும். 2024 மே 17 அன்று, பருவமழை தொடங்கும் முன்பே, பழைய குற்றால அருவியில் திடீரெனப் பாய்ந்த வெள்ளத்தில் 17 வயது மாணவர் ஒருவர் அடித்துச் செல்லப்பட்டு இறந்தார். நீர் கலங்கிச் செம்மண் நிறமாவது, இலையும் சுள்ளியும் விழுவது, இரைச்சல் கூடுவது — இவற்றில் ஒன்று தெரிந்தாலும் விசிலுக்குக் காத்திருக்காமல் வெளியேறிவிட வேண்டும்.

வெள்ளத்தால் குளிக்கத் தடை போட்ட நாளில் விடுதிக்குள் முடங்க வேண்டியதில்லை. ஐந்து கிலோமீட்டரில் தென்காசி. காசி விஸ்வநாதர் கோயிலின் ராஜகோபுரம் சுமார் 180 அடி. மலையிலிருந்து வரும் காற்று அந்தப் பெரிய சுவரில் மோதித் தேங்குகிறது. ஒருபக்கம் அழுத்தம் கூட, மறுபக்கம் குறைய, நடுவிலிருக்கும் ஒரே வழியான வாசலுக்குள் காற்று பீறிடுகிறது. சீசன் நாளில் அங்கே வேட்டியைப் பிடித்துக்கொண்டு நிற்பவர்களைப் பார்ப்பதே பிள்ளைகளுக்கு வேடிக்கை.

சென்னைக்காரர்களுக்கு எஞ்சியிருக்கும் சிக்கல் பொதிகை எக்ஸ்பிரஸ். ரயில் முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்னால் திறக்கிறது. சீசன் டிக்கெட் சீக்கிரம் தீர்ந்துவிடும். வானிலை முன்னறிவிப்போ ஒரு வாரத்துக்கு மேல் நம்பும்படி இருக்காது. எனவே டிக்கெட் எடுக்கும் நாளில் அருவியில் தண்ணீர் இருக்குமா என்று யாராலும் சொல்ல முடியாது. சராசரியை நம்பித்தான் எடுக்க வேண்டும். அந்தச் சராசரி ஜூலை நடுவாரத்துக்குச் சாதகமாக இருக்கிறது. பருவக்காற்று வலுவாக இருக்கும் மாதம், ஆடி அமாவாசைக்கு முன்போ பின்போ ஒரு திங்கள் இரவு ரயில், செவ்வாய், புதன் அங்கே, வியாழன் மாலை திரும்புகிற வண்டி. திரும்பும் வண்டிக்கு முன்பதிவு மூன்று நாள் கழித்துத்தான் திறக்கும்; அந்த டிக்கெட்டையும் திறந்த அன்றே எடுத்துவிடுங்கள்.