யுத்த காலமும் தொழிற்சாலைச் சட்டமும்

யுத்தம் வந்துவிட்டால் சட்டங்கள் சற்று ஒதுங்கி நிற்க வேண்டும் என்பது எல்லாத் தேசங்களிலும் அதிகாரிகள் கூறும் வாதம். அதன் விலை யாது, அதைச் செலுத்துவோர் யார் என்று அறிய விரும்புவோர், இரண்டாவது உலக யுத்தத்தின்போது பிரிட்டனில் விஷவாயு முகமூடி தயாரித்தவர்களின் சரித்திரத்தை நோக்குவார்களாக.

1925-ம் வருஷத்து ஜினீவா உடன்படிக்கையில் கையொப்பமிட்டிருந்தும், இத்தாலி 1935-36-ல் அபிஸீனியர்மீது விஷவாயுவைப் பிரயோகித்தது. கையொப்பத்தை நம்பிப் பயனில்லையென்று கண்ட பிரிட்டிஷ் சர்க்கார், பிரஜைகளுக்கெல்லாம் இலவசமாக முகமூடி வழங்க முற்பட்டது. 1939 செப்டம்பரில் யுத்தம் மூண்டபொழுது சுமார் 3 கோடியே 80 லட்சம் முகமூடிகள் ஜனங்களின் கையில் இருந்தன. கைக்குழந்தைகளுக்கும் தனி அமைப்பு உண்டு. பாராட்டத்தக்க காரியமே, ஐயமில்லை.

முகமூடியின் டப்பாவிலுள்ள கரி, ஆவியாக வரும் விஷத்தைப் பிடித்துக்கொள்ளும். புகையாக வரும் நுண்துகள்களோ கரியைக் கடந்து சென்றுவிடும். அவற்றைத் தடுக்க, மெல்லிய இழைகளாகப் பிரியும் கல்நாரைச் சேர்த்து வடிகட்டி செய்தார்கள். ராணுவ முகமூடிகளில் நீலக் கல்நாரும், பொது ஜனங்களுடையவற்றில் பெரும்பாலும் வெள்ளைக் கல்நாரும் சேர்ந்தன. லங்காஷயரில் பிளாக்பர்ன், லேலண்ட் ஆகிய ஊர்களிலும், நாட்டிங்ஹாம் நகரிலும் இவ்வேலையைச் செய்தவர்கள் பெரும்பாலும் ஸ்திரீகள்.

கல்நார்த் தூசி கெடுதலானது என்று அன்று சர்க்காருக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். டாக்டர் மெரிவெதரும் பிரைஸும் 1930-ல் சமர்ப்பித்த அறிக்கையில், பரிசோதிக்கப்பட்ட 363 தொழிலாளரில் 95 பேருக்குச் சுவாசப்பைகள் கெட்டிருந்தன. அதன்மீது 1931-ல் விதிகள் பிறந்தன. தூசியை உறிஞ்சி வெளியேற்றும் விசிறிகள் வேண்டும், இன்னின்னாருக்கு வைத்தியப் பரிசோதனை வேண்டும் என்று அவை கூறின. ஆனால் அவ்விதிகளின் கண் முக்கியமாக நூற்பாலைகளின் அடர்ந்த தூசியின்மீதே இருந்தது. பல வருஷம் அத்தூசியில் உழல்பவருக்கே அபாயம் என்பது அன்றைய அபிப்பிராயம். சொற்ப காலம் வடிகட்டி செய்யும் பெண்ணைப் பற்றி யார் கவலைப்பட்டார்கள்?

யுத்தம் தொழிலாளர் நலனை முற்றிலும் மறக்கச் செய்தது என்று கூறுவதும் நியாயமாகாது. 1940-ல் தொழில் மந்திரியான பெவின், தொழிற்சாலை இன்ஸ்பெக்டர்களைத் தம் இலாகாவுக்கு மாற்றிக்கொண்டு, யுத்தத் தளவாட ஆலைகளில் டாக்டர்களையும் தாதிகளையும் நியமிக்கும்படி கட்டளையிட அதிகாரம் ஏற்படுத்தினார். தாதி காயத்துக்குக் கட்டுப் போடுவாள். கண்ணுக்குத் தெரியாத இழையை அவள் எவ்வாறு பிடிப்பாள்?

பிரிட்டன்மீது விஷவாயுக் குண்டு ஒன்றேனும் விழவில்லை. முகமூடிகள் மூலையில் கிடந்தன. அவற்றைச் செய்த பெண்களின் மார்பிலோ இழைகள் தங்கிவிட்டன. 1960-ல் வாக்னர் என்னும் வைத்திய நிபுணர், தென்னாப்பிரிக்காவின் நீலக் கல்நார்ச் சுரங்கப் பிரதேசத்தில் சுவாசப்பையின் உறையைப் பற்றும் மீசோதீலியோமா என்ற புற்றுநோயை 33 பேரிடம் கண்டு வெளியிட்டார். அவர்களில் சிலர் சுரங்கத்தில் வேலையே செய்யாமல், அருகே வசித்தவர்கள் மாத்திரமே. அற்ப காலம் சுவாசித்தாலும் முப்பது, நாற்பது வருஷங்களுக்குப் பின் அந்நோய் தோன்றலாம் என்பது அதன்பிறகே விளங்கிற்று. 1982-ல் பிரசுரமான ஆராய்ச்சி, லங்காஷயரில் முகமூடி செய்த ஸ்திரீகளின் மரணங்களை நாற்பது வருஷம் தொடர்ந்து கணக்கெடுத்தது. நீலக் கல்நாரைக் கையாண்டவரிடையே இப்புற்றுநோய் தெளிவாகத் தென்பட்டது.

இப்புற்றுநோய் வருமென்று 1940-ல் அதிகாரிகள் அறியார். அதற்காக அன்றைய அதிகாரிகளைக் கொலைகாரர் என்பது அநீதி. ஆயினும் தூசி சுவாசப்பையைக் கெடுக்கும் என்பதை அறிந்திருந்தார்கள். உறிஞ்சு விசிறியும் கையிலிருந்தது. அவ்வளவு அறிவே போதுமானது. இந்நோய் தொழில் நோயாகச் சட்டத்தில் இடம் பெற்றது 1966-ல். நீலக் கல்நார் பிரிட்டனில் தடை செய்யப்பட்டது 1985-ல். வெள்ளைக் கல்நார் 1999-ல்.

2014-ல் பிரிட்டிஷ் சுகாதார பாதுகாப்பு இலாகா பள்ளிக்கூடங்களுக்கு ஓர் எச்சரிக்கை விடுத்தது: சரித்திர பாடத்துக்காகக்கூட அப்பழைய முகமூடிகளைப் பிள்ளைகள் அணியலாகாது என்று.