கடையில் வாங்கியது அல்ல... கடைந்து எடுத்த பேனா! புதியவர்கள் சறுக்கும் இடங்கள்

பேனா என்றால் கடைக்குப் போய் 10 ரூபாய் கொடுத்து வாங்குவது. நமக்குத் தெரிந்தது அவ்வளவுதான். ஆனால் ஒரு துண்டு மரத்தை லேத்தில் மாட்டி, உளியால் கடைந்து, சொந்தக் கையால் செய்த பேனாவை சட்டைப் பையில் குத்திக்கொண்டு திரிபவர்களும் இருக்கிறார்கள்.

கடைசல் நம்ம ஊருக்குப் புதுசு இல்லை. அம்பாசமுத்திரம் மரச்சொப்பு, திருவள்ளூரில் கையால் செய்யும் எபோனைட் மைப்பேனா எல்லாமே லேத் வேலைதான். பொழுதுபோக்காகச் செய்பவர்கள் 'பேனா கிட்' வாங்குகிறார்கள். முனை, கிளிப், ரீபிளை ஏற்றி இறக்கும் திருகு, பித்தளைக் குழாய் எல்லாம் அதில் இருக்கும். மரம் மட்டும் நம்முடையது. அதில் துளை போட்டு, குழாயை ஒட்டி, வெளிப்புறத்தைக் கடைந்து மெலிதாக்கி, பாகங்களைப் பொருத்தினால் பேனா ரெடி.

கேட்க சுலபம்தான். நானும் அப்படித்தான் நினைத்தேன். இடித்த தாத்தா வீட்டு நிலைக்கதவில் மிஞ்சிய தேக்குத் துண்டு ஒன்று கையில் இருந்தது. 2 பேனாவுக்குத்தான் வரும். ஒன்று அம்மாவுக்கு என்று வாக்கும் கொடுத்தாச்சு. முதல் பேனா நேராகக் குப்பைக்குப் போனது. அதில் நான் செய்யாத தப்பே இல்லை!

துளையில் தொடங்கியது வினை

ஆரம்பக்காரர்கள் வாங்கும் மெல்லிய பேனா கிட்டுக்கு 7 மில்லி மீட்டர் துளை வேண்டும். அவசரத்தில் டிரில்லை ஒரே அழுத்தாக அழுத்தினேன். தூள் வெளியே வர வழியில்லாமல் சூடேறி, பிட் மறுபக்கம் வரும்போது மரம் பிய்த்துக்கொண்டது. கொஞ்சம் இறக்கி, வெளியே எடுத்து, தூளைத் தட்டிவிட்டு மறுபடி இறக்க வேண்டும். மரத்தைக் கொஞ்சம் நீளமாகவே விட்டு, முழுசாகத் துளைக்காமல் நிறுத்தி, அடிப்பகுதியை அறுத்துவிட்டால் பிய்கிற வேலையே இல்லை.

அடுத்தது பசை. சூப்பர் குளூ தடவி குழாயைச் செருகினேன். பாதி வழியில் பிடித்துக்கொண்டது. இழுத்தாலும் வராது, தள்ளினாலும் போகாது! புதியவர்களுக்கு 2 டியூப் கலந்து போடும் எபாக்சிதான் நல்லது. நேரம் கொடுக்கும். ஒட்டுவதற்கு முன் பித்தளையை உப்புத்தாளால் தேய்த்து சொரசொரப்பாக்கணும். இல்லாவிட்டால் கடையும்போது மரம் தனியாகச் சுற்றும்.

குழாய்க்குள் பசை போகாமல் இருக்க ஒரு வைத்தியம் உண்டு. உருளைக்கிழங்கு வில்லையில் குழாயின் வாயை ஒரு குத்து குத்துங்கள். மூடி தயார். சிரிக்காதீங்க, வெளிநாட்டுக்காரர்களும் இதைத்தான் செய்கிறார்கள்.

அடை ஏன் கோணலாகிறது?

எனக்கு ரொம்ப நாள் புரியாதது இதுதான். கடைந்து முடித்துப் பார்த்தால் ஒரு பக்கம் மரம் தடிப்பு, மறுபக்கம் பித்தளை தெரிகிற அளவுக்கு மெலிசு. லேத் பழுது என்று நினைத்தேன். லேத் பாவம், அது என்ன செய்யும்! மரத்தைக் கோர்க்கும் மெல்லிய இரும்புக் கம்பியை (மான்ட்ரல்) எதிர்முனையால் இறுக்கு இறுக்கு என்று இறுக்கியிருந்தேன். கம்பி வில்லாக வளைந்துவிட்டது. மரம் நழுவாமல் சுற்றினால் போதும், அதற்கு மேல் ஒரு திருகுகூட வேண்டாம்.

மரத்தின் முனைகள் குழாயோடு சமமாக, செங்குத்தாக இருக்க வேண்டும். இல்லையென்றால் பொருத்தும்போது இடைவெளி தெரியும். அதற்காகப் பித்தளையையும் சேர்த்துச் சீவிவிட்டால் குழாய் குட்டையாகி, ரீபிள் கணக்கு தப்பும்.

மொட்டை உளி அடுத்த வில்லன். அது சீவாது, பிய்க்கும். உளியைத் தாங்கும் சட்டத்தை மரத்துக்கு அருகில் வைத்து, சுவிட்ச் போடும் முன் கையால் ஒரு சுற்று சுற்றி, எங்கும் இடிக்கவில்லை என்று பாருங்கள். உப்புத்தாளை ஒரே இடத்தில் அழுத்திப் பிடித்தால் சூட்டில் மரம் வெடிக்கும். பாலீஷ் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை, பொறுமை வேண்டும்.

பொருத்தும்போது திருகுப் பாகத்தை ஒரே தள்ளில் உள்ளே அமுக்காதீர்கள். ஆழமாகப் போய்விட்டால் முனை உள்ளே இழுக்காது, சட்டைப் பை கறைதான். கொஞ்சம் தள்ளி, ரீபிள் போட்டுப் பார்த்து, மறுபடி தள்ளணும்.

உயிர் முக்கியம்

துண்டு, துப்பட்டா, தொங்கும் அடையாள அட்டை, கழுத்துச் சங்கிலி, தளர்ந்த முழுக்கை சட்டை எதுவும் லேத் பக்கம் வரக்கூடாது. தலைமுடியைக் கட்டிக்கொள்ளுங்கள். கையுறையும் கூடாது, சுற்றும் மரம் விரலோடு இழுத்துவிடும். முகத்துக்குத் தடுப்புக் கண்ணாடி, மூக்குக்கு மாஸ்க் கட்டாயம். ஈட்டி மரத் தூள் சிலருக்கு ஒவ்வாமை தரும். சூப்பர் குளூவைப் பருத்தித் துணியால் துடைக்காதீர்கள், சட்டென்று கொதித்துச் சுட்டுவிடும். யாராவது மலிவாகச் செம்மரக்கட்டை தருகிறேன் என்றால் திரும்பிப் பார்க்காமல் நடையைக் கட்டுங்கள், போலீஸ் கேஸ்!

அப்புறம் 6 வேப்பங்கட்டையை வீணாக்கிய பிறகுதான் மிச்சமிருந்த தேக்கில் கை வைத்தேன். அம்மா இப்போது அந்தப் பேனாவில்தான் பால் கணக்கு எழுதுகிறார். கிளிப் பக்கத்தில் ஒரு இடத்தில் லேசாகப் பள்ளம் விழுந்திருக்கிறது. அவர் இன்னும் கவனிக்கவில்லை.