பதிவேடு இல்லாமல் பழுது பார்க்கத் தெரியுமா?

திருப்பூர் அனுப்பர்பாளையத்தில் உட்கார்ந்தபடி விபிஎன் செயலியைத் திறந்து ‘இந்தியா’ என்று ஒரு தட்டு தட்டுங்கள். எக்ஸ்பிரஸ்விபிஎன் வைத்திருந்தால் வேடிக்கையே தனி! உங்கள் தரவு கடல் தாண்டி சிங்கப்பூரிலோ பிரிட்டனிலோ இருக்கும் சர்வரில் ஏறி, அங்கே ஓர் இந்திய ஐபி முகவரியை மாட்டிக்கொண்டுதான் வெளியே வரும்.

ஏன் இந்தச் சுற்று? 2022 ஏப்ரல் 28 அன்று இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் ஓர் உத்தரவு போட்டது. வாடிக்கையாளரின் பெயர், முகவரி, ஐபி விவரங்களை விபிஎன் நிறுவனங்கள் 5 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்றது. எக்ஸ்பிரஸ்விபிஎன் ஜூனிலேயே இங்கிருந்த சர்வர்களைக் காலி செய்தது. சர்ஃப்ஷார்க்கும் நார்டுவிபிஎன்னும் பின்னாலேயே கிளம்பின. (பனியன் கம்பெனிகள் தங்கள் ஆபீஸ் சர்வருக்குப் போட்டிருக்கும் விபிஎன்னுக்கு இந்த விதி இல்லை, பயப்பட வேண்டாம்.)

இத்தனை வித்தையையும் திரைக்குப் பின்னால் நடத்துகிறவர் நெட்வொர்க் இன்ஜினியர். அவரை வேலைக்கு எடுக்கும் இடம்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது. லினக்ஸ், பிஜிபி, ஃபயர்வால் எல்லாம் எந்தக் கம்பெனியிலும் கேட்பார்கள். ஆனால் மற்ற இடங்களில் பழுது வந்தால் முதலில் லாக்கை, அதாவது பதிவேட்டை, திறப்போம். விபிஎன் நிறுவனத்திலோ யார் எங்கே போனார் என்ற லாக்கே இருக்கக் கூடாது! இருட்டில் கைவைத்தே கோளாறைப் பிடிக்கிற ஆள் வேண்டும்.

அப்படிப்பட்டவரைச் சோதிக்க அருமையான புதிர் ஒன்று: பிங் போகிறது, சின்ன மெசேஜ் போகிறது, இணையப் பக்கம் மட்டும் திறக்க மாட்டேன் என்கிறது. என்ன காரணம்? பாக்கெட்டின் அளவு! ஈதர்நெட்டில் ஒரு பாக்கெட்டுக்கு 1500 பைட் இடம். ஐபிவி6 வழியாகப் போனால் வயர்கார்டு என்ற விபிஎன் நெறிமுறை தன் உறைக்கென்று 80 பைட் எடுத்துக்கொள்ளும், மிச்சம் 1420. ஆனால் வீட்டு ஃபைபர் இணைப்பு பிபிபிஓஇ என்ற முறையில் இருந்தால் மொத்தமே 1492தான். வெறும் 8 பைட் இடிக்கிறது. ‘பெரிதாக இருக்கிறது, குறைத்து அனுப்பு’ என்று திரும்பி வரும் செய்தியை வழியில் ஒரு ஃபயர்வால் தடுத்துவிட்டால், பெரிய பாக்கெட்டுகள் சத்தமில்லாமல் மாயம். இதை லாக் பார்க்காமல் சொல்கிறவரை அப்படியே அள்ளிக்கொள்ளலாம்.

அடுத்தது டிஎன்எஸ் கசிவு. நீங்கள் தேடும் தளத்தின் பெயர் விபிஎன்னுக்கு வெளியே நழுவினால் எல்லாம் வீண். குடத்தில் தண்ணீர் ஊற்றி ஒழுக்குப் பார்க்கிற பட்டறைக் கண் இதற்குத் தேவை. பாத்திரப் பட்டறைகள் நிறைந்த நம் ஊருக்கு அதைச் சொல்லித்தர வேண்டுமா!

இவ்வளவு கறார் எதற்கு என்றால், சுவீடனின் முல்வாட் நிறுவனத்தைப் பாருங்கள். 2023 ஏப்ரல் 18 அன்று வாடிக்கையாளர் விவரம் இருக்கும் கணினிகளை எடுத்துப்போகப் போலீசார் வாரண்டுடன் வந்தார்கள். அப்படி ஒரு விவரமே இல்லாததால் வெறுங்கையோடு திரும்பினார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் அந்த நிறுவனத்தின் விபிஎன் சர்வர்கள் எல்லாம் ஹார்டு டிஸ்க் இல்லாமல் ரேமில் மட்டும் ஓடத் தொடங்கின. மின்சாரத்தைப் பிடுங்கினால் அதிலிருந்தது எல்லாம் காலி!

படிக்கிற தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. வயர்கார்டு 2020 முதல் லினக்ஸ் கெர்னலுக்குள்ளேயே இருக்கிறது, காசு கிடையாது. ஆபீஸில் கழித்துப் போட்ட இரண்டு கம்ப்யூட்டர் போதும். இரண்டையும் வயர்கார்டால் இணையுங்கள். பிறகு நண்பரை விட்டு எதையாவது கெடுக்கச் சொல்லி, லாக் திறக்காமல் சரிசெய்து பாருங்கள்.