எண்ணாகிப் போன ஊர்ப்பெயர்

தஞ்சோங் கிளிங் என்ற ஊர்ப்பெயரை ரோமன் எழுத்தில் எத்தனை விதமாக எழுதிப் பார்த்துவிட்டோம்! 1972-இல் மலாய் எழுத்துச் சீர்திருத்தம் வந்து 'தஞ்சோங்'கை 'தஞ்சுங்' ஆக்கியது. கிளிங்கா, கெலிங்கா என்ற குழப்பம் இன்னும் தீரவில்லை. இந்தத் தொல்லையே வேண்டாமென்று, தோட்டக் குறிப்புகளைக் கணினியில் சேர்த்தபோது கோப்புக்குத் தமிழிலேயே 'தஞ்சோங்' என்று பெயர் வைத்தேன். அதற்குள் 'பால்மரம்' என்ற சொல்லைத் தேடினால், கோப்பின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் இது வந்து நின்றது: "\340\256\244\340\256\236\340\257\215… இப்படியே 84 குறிகள்.

தேடிய கருவி கிட் கிரெப். கோப்புகளில் நடக்கும் ஒவ்வொரு மாற்றத்தையும் தோட்டத்துக் கிராணி மாதிரி பதிந்து வைக்கும் மென்பொருள் கிட். லினக்ஸ் வேலைக்காக லினஸ் டோர்வால்ட்ஸ் 2005-இல் தொடங்கியது. அதற்குள் இருந்துகொண்டு தேடித் தருவது கிரெப். கேட்ட சொல் எங்கே இருக்கிறதோ அந்தக் கோப்பின் பாதை, ஒரு முக்காற்புள்ளி, பிறகு அந்த வரி என்று அச்சடிக்கும்.

84 எப்படி வந்தது? யூனிகோடில் 'தஞ்சோங்' ஏழு துண்டு: த, ஞ, புள்ளி, ச, ஓகாரக் குறி, ங, மறுபடி புள்ளி. யூடிஎஃப்-8 முறையில் தமிழ்த் துண்டு ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட், ஆக 21. ஒரு பைட்டைச் சாய்கோடும் மூன்று இலக்கமுமாக எழுதினால் நான்கு குறி. 'த' மட்டுமே 340, 256, 244. வேடிக்கை என்னவென்றால், கிட்டுக்கு வெகு முன்பே முதல் கிரெப்பை எழுதிய கென் தாம்சன்தான் 1992-இல் ராப் பைக்கோடு சேர்ந்து யூடிஎஃப்-8-ஐயும் வடிவமைத்தார், அதுவும் ஒரு சாப்பாட்டுக் கடையில் தட்டுக்கு அடியில் விரிக்கும் காகிதத்தில்.

பெயரை எதற்கு இப்படி உருமாற்ற வேண்டும்? கோப்புப் பெயருக்குள் மேற்கோள் குறி இருக்கலாம். யூனிக்ஸ் வழிவந்த கணினிகளில் வரி முறிவுகூட இருக்கலாம். அந்த அச்சை இன்னொரு நிரல் வாசித்தால் ஒரு பெயர் இரண்டாகத் தெரியும். அதனால் வழக்கத்துக்கு மாறான எழுத்தைக் கண்டால் கிட் பெயரை மேற்கோளுக்குள் அடைத்து, அந்த எழுத்தைச் சாய்கோட்டுக் குறியாக்கிவிடும். தமிழும் அதன் கண்ணுக்கு வழக்கத்துக்கு மாறானதுதான்! உறுத்தத்தான் செய்கிறது.

கிட்டின் மற்ற கட்டளைகள் இந்த விதியை ஒழுங்காகப் பின்பற்றின. கிரெப் மட்டும் நின்ற இடத்துக்கு ஏற்றபடி பேசியது. மேல்மட்டக் கோப்புறையிலிருந்து தேடினால் பெயர் அப்படியே வரும். உள்ளே 'தோட்டங்கள்' கோப்புறைக்குள் இறங்கித் தேடினால் அதே கோப்பு எண்ணாகிவிடும். பெயரைத் தொடாதே என்று சொல்லும் 'இசட்' விசையைக் கொடுத்தாலும் உள்ளே அது எடுபடாது. பாதையைச் சுருக்கிக் காட்டும் நிரல்பகுதி மேற்கோள் போட்டது. முழுப் பாதையைக் காட்டும் பகுதி போடவில்லை, அவ்வளவுதான்.

2020 ஜூனில் வந்த கிட் 2.27 இதைத் திருத்தியது. எங்கிருந்து தேடினாலும் ஒரே விதி. 'இசட்' கொடுத்தால் எங்கும் அச்சு அசல் பெயர். இதில் நமக்கு ஒரு சின்ன நட்டம்: முன்பு மேல்மட்டத்திலாவது தமிழாகத் தெரிந்தது, திருத்தத்துக்குப் பின் அங்கேயும் எண். இருந்தாலும், இடத்துக்கு இடம் மாறும் விடையைவிட இது மேல்.

தமிழாகவே வேண்டுமென்றால் 'கோர்.கோட்பாத்' என்ற அமைப்பை 'ஃபால்ஸ்' ஆக்க வேண்டும். வரி முறிவுக்கும் மேற்கோள் குறிக்கும் காவல் அப்படியே இருக்கும், தமிழ் எழுத்தை மட்டும் விட்டுவிடும். மாற்றிவிட்டு மறுபடி 'பால்மரம்' தேடினேன். தஞ்சோங், முக்காற்புள்ளி, பக்கத்திலேயே பால்மரம்.